கடல் யார் பக்கம்

ஜனவரி. மூன்று மணிக்கே இருட்டிவிட்டது ஸ்டைன்ஷேரில்.
மீன்முள் கிடந்த தட்டுகளை ஒதுக்கிவிட்டு
மேசையில் வரைபடத்தை விரித்தோம்.
ஒரு முனைக்கு உப்பு டப்பா, மறுமுனைக்குக் கெட்ச்அப்.
நடுவில் மறுபடி சுருண்டு படுக்கப் பார்க்கிறது நார்வே.

ஜூலையில் பத்து நாள்.
கடலோரச் சாலை, எண் பதினேழு, பூடோ வரை.
முடிவு செய்ய அவ்வளவுதான் இருந்தது,
ரன்வெய் கேட்கும்வரை:
"கடல் யார் பக்கம் வரும்?"

எட்டு வயது.
பின்னாளில் நீதிபதி ஆவாள்,
இல்லாவிட்டால் வட்டிக்கடை வைப்பாள்.

விரலால் ஓட்டிப் பார்த்தோம்.
வடக்கே போகும்போது கடல் இடப்பக்கம்.
எங்கள் நாட்டில் ஸ்டியரிங்கும் இடப்பக்கம்.
ஆக, கடல் முழுக்க ஓட்டுகிறவருக்கு.
ஓட்டுகிறவர் பார்க்கக் கூடாததும் அதைத்தான்.

ஓட்டுகிறவள் நான்.
போன நவம்பரில், பல் தேய்த்துக்கொண்டிருந்த எய்வினின் தலைக்குள்
மின்சாரம் தாறுமாறாக ஓடியது.
மாத்திரை கொடுத்தார்கள்,
உரிமத்தை ஒரு வருடத்துக்கு வாங்கி வைத்துக்கொண்டார்கள்.
வாரத்தில் ஐந்து நாள் பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவள் நான்.
விடுமுறையிலும் அதே வேலை,
பயணிகள் குறைவு,
சம்பளம் அதைவிடக் குறைவு.

"அப்போ திருப்பிப் போடுவோம்" என்றான் எய்வின்.
"உள்நாட்டுச் சாலையில் ஒரே மூச்சாக பூடோ.
வரும்போது கடலோரம். கடல் வலப்பக்கம். வீணாகாது."

மிச்சக் குழம்பைப் பற்றிப் பேசுவதுபோல் சொன்னான், வீணாகாது என்று.

சிந்த்ரேவுக்கு வளைவுகளில் வாந்தி வரும், முன் இருக்கை வேண்டும்.
ரன்வெய்க்கு நியாயம் வேண்டும்.
எய்வினுக்கு, சொல்லாவிட்டாலும், கால் நீட்ட இடம் வேண்டும்.
ஒவ்வொரு ஃபெர்ரிக்கும் இடம் மாறிக்கொள்வதென்று
மின்கட்டண உறையின் பின்பக்கம் ஒப்பந்தம் எழுதப்பட்டது.
மூன்று பெயர்.
என்னை யாரும் மறக்கவில்லை.
ஸ்டியரிங் சுழற்சியில் வராது, அவ்வளவே.

என் பக்கத்துக்குப் பாறை,
சுரங்கப்பாதைச் சுவர்,
சாலையை வாடகைக்கு எடுத்ததுபோல் நிற்கும் ஆடுகள்,
எதிரே வரும் ஜெர்மன்காரர்களின் கேரவன்கள்.

இரவு பாத்திரம் கழுவிக்கொண்டே,
குழாயிடம் சொல்வதுபோல்,
"அடுத்த வருஷம் நான் ஓட்டறேன்" என்றான்.
"பார்க்கலாம்" என்றேன்.
டாக்டரும் அந்தச் சொல்லைத்தான் சொல்லியிருந்தார்.

எல்லோரும் தூங்கியபின் ஃபெர்ரி அட்டவணையைத் திறந்தேன்.
ஆறு இடத்தில் சாலை தண்ணீருக்குள் போய்விடுகிறது.
பத்து நிமிடம். ஆர்க்டிக் வட்டத்தைத் தாண்டும் இடத்தில் ஒரு மணி நேரம்.
இருபத்தைந்து. மறுபடி ஒரு மணி. இருபது. இருபது.

ஏறியதும் மஞ்சள் கோட்டுக்காரர் கையசைப்பார்:
இன்னும் முன்னே, இன்னும் கொஞ்சம், போதும்.
கை பிரேக்கை இழுக்க வேண்டும்.
என்ஜினை நிறுத்த வேண்டும்.
அங்கே ஓட்டுவதற்கு வேறொருவர் சம்பளம் வாங்குகிறார்.
மேல்தளத்தில் பழுப்புச் சீஸ் வைத்த வாஃபிள் கிடைக்கும்,
காகிதக் கோப்பையில் காப்பி கிடைக்கும்,
இடம் வலம் முன் பின் எல்லாம் தண்ணீர்.

கூட்டினேன். நூற்றுத் தொண்ணூற்றைந்து நிமிடம்.

பத்து நாளைக்கு.

பென்சிலை எடுத்தேன்.
சான்னெஸ்ஷூனுக்குப் பக்கத்தில் டொன்னா என்று ஒரு தீவு,
சாலைக்கு எந்தச் சம்பந்தமும் இல்லாமல் தள்ளி இருக்கிறது.
போக ஒரு ஃபெர்ரி, திரும்ப ஒரு ஃபெர்ரி.
அங்கே என்ன இருக்கிறது என்று கேட்பார்கள்.
பழைய தேவாலயம் இருக்கிறதாம் என்பேன்.
இருக்கிறதுதான், பார்த்து வைத்துக்கொண்டேன்.

காலையில் ரன்வெய் உறையும் கையுமாக வந்தாள்.
"ஆறுன்னுதானே சொன்னே. எட்டு இருக்கு."
"ஆமாம்."
"எட்டை மூணால வகுத்தா ஆளுக்கு ரெண்டு வரும்.
மீதி ரெண்டு யாருக்கு?"

நான் ரொட்டிக்குச் சீஸ் சீவிக்கொண்டிருந்தேன்,
மெல்லிசாக, கிழியாமல்,
காதில் விழாத மாதிரி.